ஜமாத்து முடித்த வழக்கு

“அடிக்கலைன்னு ஒரு வரி எழுதுங்க மச்சான்...”

“அடிச்சதை எப்படிலே...”

“ஒரே வரிதான...”

“...அடிக்கலைன்னு எழுத? நெத்தியில தழும்பை வச்சுக்கிட்டுப் பொய்ச்சத்தியம் பண்ணச் சொல்லுதியா?”

வக்கீல் சங்கரபாண்டி மேசையைத் தட்டினார். “ரெண்டு பாயும் ஒண்ணாப் பேசினா நான் யாருக்குக் காது குடுக்க?”

சேக் மைதீன் அடங்கினார். போன மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பினாங்கு போலீஸ் தேடும் ஆள் என்று துறைமுகங்களுக்கெல்லாம் போயிருந்த பழைய தாக்கீது இன்னும் உயிரோடிருந்தது. அங்கே மகள் ஜன்னத்துக்குத் தலைப்பிரசவம். தாயில்லாப் பிள்ளை.

தேடவைத்தவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், அக்காள் புருஷன் கிதிர் முகம்மது. ஐம்பத்தொன்றாம் வருஷம் பினாங்கு ஜவுளிக்கடையில் இருவரும் கூட்டு. ஹாஜரா அக்கா அங்கேயே மவுத்தாகி அடக்கம் செய்த மறுவாரம், கடையை மூடுவதா வேண்டாமா என்று பேச்சு முற்றி, மைதீன் துணி அளக்கும் கஜக்கோலால் மச்சான் நெற்றியில் ஒன்று போட்டார். இவர் ஊருக்குக் கப்பலேற, அவர் ‘கொல்லப் பார்த்தான்’ என்று போலீசில் எழுதிக்கொடுத்தார். பிறகு அவரும் ஊர் வந்தார். தென்காசிப் பள்ளிவாசலில் ஜமாத்து கூடி இருவரையும் கட்டித் தழுவவைத்து, நெய்ச்சோறும் ஆக்கிப் போட்டது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றே ஊர் நம்பியது. பினாங்குக்கும் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ஜமாத்து முடிச்ச வழக்கை போலீசு எப்படிய்யா வச்சிருக்கலாம்?” என்றார் கிதிர்.

“அவங்களுக்கு நெய்ச்சோறு போகலைலா!” வக்கீல் சிரித்தார். “பொய்யும் வேண்டாம், மெய்யும் வேண்டாம். எழுதி அனுப்பினா செல்லாதாம், பதில் வந்துட்டு. புகார் குடுத்தவர் நேர்ல வந்து சொன்னாத்தான் தாக்கீதை எடுப்பாங்களாம்.”

கிதிர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மைதீனும் பின்னாலேயே வந்தார்; இருவருமாகக் குற்றாலத்துக்குக் குதிரைவண்டி பிடித்தார்கள். எத்தனை சண்டை வந்தாலும் சாரல் காலத்தில் அருவிக்குச் சேர்ந்து போவதுதான் வழக்கம். மேலகரம் தாண்டும்போது சாரல் முகத்தில் தெறித்தது.

“அங்கன இருக்கையில இந்தச் சாரலை நெனைச்சு ஏங்கினோம்,” என்றார் மைதீன்.

“ஒங்க அக்கா ரொம்ப ஏங்கினா.”

“சோறு ஆயிட்டுன்னா கடைக்கு மேல மாடியில நின்னு அகப்பைக் காம்பால தரைப்பலகையைத் தட்டுவாளே!”

“மீனைக் கருக்கிட்டா இன்னும் பலமாத் தட்டுவா, நம்மளையே குத்தம் சொல்லுத மாதிரி.” கிதிர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “கடையை மூடணும்னு ஏன் நின்னேன் தெரியுமாலே? அவ போன பெறகும் மத்தியானம் ஆகும். கீழ துணி கிழிச்சுக்கிட்டே காதை மேல வச்சிருப்பேன். சத்தம் வராது. அதுலயிருந்து அந்த ஊரு பேரைக் கேட்டாலே...”

மைதீனுக்கு இத்தனை வருஷத்தில் இது தெரியாது. அன்று கஜக்கோலைப் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டார். அருவியின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது.

“மொதல்ல நீங்க போனாத்தான் மச்சான் நான் என் பிள்ளை மொகத்தைப் பாக்க முடியும். அங்க அக்காவை அடக்கின கபர்ல எனக்கும் சேத்து ஒரு சலாம் சொல்லிருங்க. போவியளா?”