கடன் போன அடைக்கோழி

ஈஸ்டர் கழிந்த கையோடு சவேத்தாவின் கறுப்புக் கோழி, கழுத்தில் இறகில்லாத கழுத்துருவி, அடைக்கு உட்கார்ந்துவிட்டது. பனிக்காலத்தில் மரநாய் வந்து சேவலைத் தூக்கிப்போனதிலிருந்து அவள் வீட்டு முட்டையில் குஞ்சு பொரிக்க வழியில்லை. அதைக் கோழிக்கு யார் எடுத்துச் சொல்வது? அடை கலையட்டும் என்று வாளித் தண்ணீரில் அடிவயிறு நனைய முக்கி எடுத்தாள். சிலிர்த்துக்கொண்டு போய் மறுபடியும் உட்கார்ந்தது. கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். கூடைக்குள்ளேயே உட்கார்ந்தது. முட்டையிட வந்த மற்றக் கோழிகளையெல்லாம் கொத்தி விரட்டிவிட்டு, எங்கிருந்தோ உருண்டு வந்த ஒரு உருளைக்கிழங்கை அடைகாத்துக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டு ரெவேக்கா அந்தச் சமயத்தில்தான் வேலியோரம் வந்து நின்றாள். கையில் ஒரு தட்டு நிறையப் பாலாடைக்கட்டிப் பணியாரம். அதைப் பார்த்ததுமே சவேத்தாவுக்குச் சந்தேகம் தட்டியது. மூன்று வருஷமாக உப்புக்கூடக் கேட்டு வராதவள்.

"அக்கா, உங்க வீட்ல அடைக்கோழி சும்மாத்தான் உக்காந்திருக்குதாமே. என்கிட்ட முட்டை இருக்கு, அடைக்கோழிதான் இல்ல. குஞ்சு இறங்குனதும் திருப்பிக் கொடுத்துடறேன். உங்களுக்கும் நாலு குஞ்சு."

"எங்க கோழி அடையில இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அது போடற கூச்சல் ஆத்துக்கு அக்கரை வரைக்கும் கேக்குதே."

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் கோழியைத் துணி போர்த்திய கூடையில் வைத்துக் கொடுத்தாள். கொடுக்குமுன் அதன் இடது கால் நடுவிரலில் நகம் இல்லாததை இன்னொரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். அந்த ஊரில் பாதிக் கோழிகள் கழுத்துருவிகள். அடையாளம் நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கப் போனாள். ரெவேக்கா வாசற்கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"இப்பத்தான் அடங்கி உக்காந்திருக்கு. வேத்தாள் கண்ணு பட்டா எந்திரிச்சிடும்."

"நான் வேத்தாளா?"

"அட, நீங்க வேத்தாளுன்னு நான் சொல்லலக்கா. கோழி அப்படி நெனைச்சுக்கும்."

அன்று முழுக்க சவேத்தாவுக்கு வேலை ஓடவில்லை. வெங்காயப் பாத்தியில் களை எடுத்தபடி எதிர் வீட்டையே கவனித்தாள். ரெவேக்கா ஒரு தடவைகூடக் கோழிக்கூண்டுப் பக்கம் போகவில்லை. அடைக்கோழிக்குத் தண்ணீர் வைக்க வேண்டாமா, தீனி வைக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது ரெவேக்கா வீட்டிலிருந்து கோழி சூப் வாசனை தெருவுக்கே வந்தது. சவேத்தா நேராக உள்ளே போய்விட்டாள். ரெவேக்காவின் புருஷன் நிக்கோதிம் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். ரெவேக்கா ஒரு கிண்ணம் சூப்பை முன்னால் வைத்தாள். மேலே தங்கக் காசு மாதிரி கொழுப்பு மிதந்தது. சவேத்தா கரண்டியால் சேமியாவை விலக்கி விலக்கித் தேடினாள். ஒரு தொடை, ஒரு ஈரல், காரட்டு. கால் இல்லை. கழுத்தும் இல்லை.

"கழுத்து எங்க?" என்றாள்.

"அது நான் சாப்பிட்டுட்டேன்" என்றாள் ரெவேக்கா.

நிக்கோதிம் கூரையைப் பார்த்தான். சவேத்தா சூப்பைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். தன் கோழியாக இருந்தால் அதை அவர்களுக்கு மிச்சம் வைப்பானேன் என்று தோன்றியது.

கிளம்பும்போது நிக்கோதிம் வாசல் வரைக்கும் கூட வந்தான். பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பாதிரியார் வீட்டுப் பக்கம் போயி ரொம்ப நாளாச்சோ உங்களுக்கு?" என்றான்.

மறுநாள் காலையில் சவேத்தா போனாள். பாதிரியார் மனைவி ஒர்தான்சா விறகுக் கொட்டகையில் இருந்தாள். அங்கே ஒரு பெட்டியில் வைக்கோல்மேல் சவேத்தாவின் கறுப்புக் கோழி, தன் முட்டையைவிடப் பெரிசான வாத்து முட்டைகளின் மேல் இறக்கையை விரித்துப் படுத்திருந்தது.

"இது என் கோழி, பாதிரியாரம்மா."

ஒர்தான்சா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ரெவேக்கா கொண்டுவந்து கொடுத்த கோழியாச்சே இது. எங்க பெரிய வாத்தை நாய் கடிச்சிப் போட்டுடுச்சி, முட்டையெல்லாம் ஆறிப்போகுதேன்னு கிணத்தடியில அழுதுட்டிருந்தேன். அவதான் கொடுத்து உதவினா. இப்ப நீங்க வந்து உங்களுதுன்னா எப்படி?"

சவேத்தாவுக்குக் காது சூடாகியது. இத்தனை நாளும் அடுத்தவளைச் சந்தேகித்தவள் இப்போது தானே திருடி மாதிரி நிற்க வேண்டியதாயிற்று. "இடது கால்ல ஒரு நகம் இருக்காது, பாருங்க" என்று கையை வைக்கோலுக்குள் விட்டாள். கோழி ரத்தம் வரக் கொத்தியது.

"உங்களுதுங்கறீங்க, இந்தக் கொத்துக் கொத்துதே?"

"அதனாலதான் என்னோடதுங்கறேன். பத்து நாளா என்னை இப்படித்தான் கொத்திச்சி."

ஒர்தான்சா நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பி ரெவேக்காவைக் கூப்பிட்டாள். மாவு படிந்த கையோடு வந்த ரெவேக்கா, கொட்டகை வாசலில் சவேத்தாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கோழி யாருது?" என்றாள் ஒர்தான்சா.

"நம்ம கோழின்னுதானேம்மா சொன்னேன். என்னோடதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நம்மன்னா யாரு? நீயும் நானுமா?" என்று சவேத்தா கேட்டாள்.

ரெவேக்கா முகத்தை ஏப்ரனால் துடைத்தாள். மாவு கன்னத்தில் அப்பிக்கொண்டது. "முட்டையெல்லாம் கூமுட்டைக்கா. விளக்கு வெளிச்சத்துல வச்சிப் பாத்தேன், ஒண்ணுலகூடக் கரு ஓடல. உங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? அதே நாள் கிணத்தடியில இந்தம்மா அடைக்கோழி யாருகிட்ட இருக்குன்னு கேட்டாங்க. என்கிட்ட இருக்குன்னு வாய் தன்னால சொல்லிடுச்சி. இந்தம்மா என் கையைப் பிடிச்சிக்கிட்டு நடந்தாங்க, எல்லாரும் பாத்தாங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்ல?"

ஒர்தான்சா வேறு பக்கம் பார்த்தாள்.

"அப்ப நேத்து நான் குடிச்ச சூப்பு?"

"எங்க சேவல்க்கா. அத்தனை முட்டையும் கூமுட்டையானா அதுக்கு எதுக்குத் தீனின்னு அறுத்துட்டோம். கழுத்து சத்தியமா நான்தான் சாப்பிட்டேன்."

சவேத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்தால் இவள் நாளைக்குப் பசுமாட்டைக் கடன் கேட்பாள். பாதி அடையில் கோழியை எழுப்பினால் உள்ளே உயிர் வைத்த முட்டைகள் வீணாகிவிடும் என்பதால், குஞ்சு இறங்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் தினமும் மத்தியானம் போய்ப் பார்த்தாள். ரெவேக்காவும் வந்தாள். சவேத்தா தன்னைப் பற்றி ஒர்தான்சாவிடம் என்ன சொல்லிவைப்பாளோ என்கிற பயம் அவளுக்கு. இரண்டு பேரும் விறகுக்கட்டைமேல் உட்கார்ந்து ஒருத்தி எழுந்து போவதற்காக இன்னொருத்தி காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் பேச்சும் வந்தது. நிக்கோதிமின் முழங்கால் வலி, மாவு விலை, யார் வீட்டுப் பெண் இத்தாலிக்குப் போனாள் என்பதெல்லாம்.

மே கடைசியில் வாத்துக்குஞ்சுகள் வெளிவந்தன. ஒர்தான்சா சவேத்தாவுக்குக் கோழியோடு இரண்டு குஞ்சும், ரெவேக்காவுக்கு ஒன்றும் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே ரெவேக்கா தன் குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு வேலியோரம் வந்தாள். "தனியா இருக்க மாட்டேங்குதுக்கா. கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சி. உங்களுதோட விடட்டுமா? வளந்ததும் எடுத்துக்கறேன்."

இதில் என்ன சூது இருக்கும் என்று சவேத்தா நெடுநேரம் யோசித்தாள். எதுவும் பிடிபடவில்லை. குஞ்சை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்ச் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு எடுத்துவந்து, ரெவேக்காவின் கண் முன்னாலேயே அதன் காலில் கட்டினாள்.

"செத்துப்போனா உன்னோடது செத்துச்சின்னு தெரியணுமில்ல" என்றாள்.

"கட்டுங்க, கட்டுங்க" என்றாள் ரெவேக்கா. "இறுக்கிக் கட்டாதீங்க, கால் வீங்கிடும்."

சவேத்தா முடிச்சை அவிழ்த்துத் தளர்வாகக் கட்டிவிட்டு, குஞ்சைக் கோழியின் இறக்கைக்குள் தள்ளினாள்.