மோதிரவிரலும் சுண்டுவிரலும்

கையுறைக்குள் அண்ணனின் விரல்கள் போகவே இல்லை. தலையணையில் சாய்ந்தபடி இரண்டு தடவை தள்ளிப் பார்த்தான்.

"என்னடி இது, உள்ள போக வழியே இல்ல?"

கிழிந்த கால்பந்து, நைந்த கால்காப்பு, நரம்பு அறுந்த மட்டை என்று எது கிடைத்தாலும் பூத்தையல் போட்டுச் சுவரில் மாட்டுகிறவள் தங்கை. மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவனுடைய கோல்கீப்பர் கையுறையையும் எடுத்துப் போய்விட்டாள். கேட்கவில்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஊசி ஓட்டி, ஐந்து விரலிலும் ஆரஞ்சுப் பூக்கள். இன்று காலை, "ஒரே ஒரு தரம் போட்டுப் பாக்கணும்" என்று அவன் கேட்டதும், மறைக்க வழியில்லாமல் சுவரிலிருந்து கழற்றி எடுத்து வந்தாள்.

"இனிமே நீ எங்க போடப்போறேன்னு..." மீதியை விழுங்கினாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். "அப்பவே மாட்டிட்டியா என்னைச் சுவத்துல?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிரிச்சுடறேண்ணே. ஒரு மணி நேரம் குடு."

"எத்தனை பந்தைப் பிடிச்ச கை! பூவுகிட்ட தோத்துப்போச்சு பாரு. சரி, கட்டைவிரல்ல ஆரம்பி."

பிளேடால் அறுத்து, நூலை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். தன் தையல் இத்தனை நெருக்கம் என்று அவளுக்கே இன்றுதான் தெரிந்தது. கட்டைவிரல் திறந்தது. ஆள்காட்டி விரலும் திறந்தது.

"எங்க இருக்கே?" கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

"நடுவிரல்ணே."

"மெதுவா செய். பந்து இன்னும் வரல."

அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. "ஏங்க" என்றாள் அண்ணி. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை, "ஏங்க."

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. தங்கை சமையலறைத் தரையில் பிளேடோடு உட்கார்ந்திருந்தாள். "அவளைப் பாரு, இந்த நேரத்துலயும் தையல்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மோதிரவிரல் முடிந்தது. சுண்டுவிரலும் முடிந்தது.

அண்ணி வந்து கை நீட்டினாள். "வண்டி வந்துடுச்சு. குடு, நானே போட்டுவிடறேன்."

"இருங்க அண்ணி."

தன் கையை உள்ளே விட்டு ஒவ்வொரு விரலாகத் துழாவினாள். சுண்டுவிரல் நுனியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. உறையைப் புரட்டி, பல்லால் கடித்து எடுத்தாள்.

"அது குத்தும்" என்றாள்.

வாசலில் யாரோ நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள். அண்ணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தரம் நல்லா பாரு."

அவள் மறுபடியும் கையை உள்ளே விட்டாள்.