எத்தனை ஸ்பீக்கர்

“எத்தனை ஸ்பீக்கர் வைப்ப?” என்று சூசை மாஸ்டர் கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்பதுபோல் காபி டம்ளருக்குள் குனிந்து பார்த்தார். ஞானரத்தினத்துக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வந்த வேலை அந்த நிமிஷமே முடிந்துவிட்டது. பாட்டுப் போடுகிறோம் என்றால் ஊரில் வேறு யாரும் சத்தம் எம்புட்டு வரும் என்றுதான் கேட்பார்கள். ஸ்பீக்கரை எண்ணுகிறவன் ஒருத்தன்தான் இருக்க முடியும்.

ராஜபாளையத்துக் கிறிஸ்தவக் கோயிலின் நூற்றாண்டு விழாவில் மாஸ்டருக்குப் பாராட்டு. புது ஹாலுக்கும் அவர் பெயர். ஒரு காலத்தில் பாடகர் குழுவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ரெக்கார்டு போட்டவர் அல்லவா, அதற்காக. அந்த ரெக்கார்டையே விழாவில் ஓடவிடலாம் என்று கமிட்டியில் சொன்னவன் ஞானரத்தினம். அழைக்க வந்ததும் அவன்தான். தட்டு தேய்ந்திருக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும் என்று மாஸ்டர் தட்டிக்கழித்துப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

“ரெண்டுதான் மாஸ்டர். முன்னால மட்டும்.”

“அது போதும்ப்பா. அது போதும்.”

மருமகள் பால்கோவா பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். அவர் வீட்டுப் பண்டத்தைத் தின்னவும் மனமில்லை, தூக்கி எறியவும் மனமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சோழபுரத்துக்காரர் மடியில் வைத்துவிட்டு இறங்கினான்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. ஞானரத்தினத்தின் அக்கா செலினாவுக்கு இருபது வயது. தனிப்பாட்டை மாஸ்டர் தன் தங்கைக்கென்று வைத்திருந்தார். பங்குச் சாமியார் இரண்டு பேரையும் பாடச்சொல்லிக் கேட்டுவிட்டு செலினாதான் என்று முடித்துவிட்டார். மாஸ்டர் சிரித்த முகமாகத் தலையாட்டினார். ஸ்டூடியோவில் குழு முதலில் பாடி முடித்தது. தனிப்பாட்டை மட்டும் கண்ணாடி அறைக்குள் தனியாகப் பதிந்தார்கள். வெளியே நின்றவர்கள் அவள் உதடு அசைவதைத்தான் பார்த்தார்கள். குரலைக் கேட்டது காதில் ஹெட்போன் மாட்டியிருந்த மாஸ்டரும் ஸ்டூடியோக்காரரும்தான். கிறிஸ்துமஸ் அன்று அந்த ரெக்கார்டை ரேடியோவில் போட்டார்கள். எங்க அக்கா பாடுதா என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான் பத்து வயது ஞானரத்தினம். குழு பாடியது, ஆர்மோனியம் வந்தது, அக்கா வர வேண்டிய இடத்தில் ஆர்மோனியம் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

வீட்டில் இருந்த ஒற்றை ஸ்பீக்கர் பிளேயரில் போட்டாலும் அதே கதைதான். மைக்கைக் கண்டதும் பிள்ளைக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பாவமே என்று வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன் என்று மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் தணிந்த குரலில் சொல்லி வைத்தார். அப்பா தட்டை அடுப்பில் போட்டார். செலினா அதற்குப் பிறகு பாடவில்லை. பேண்டேஜ் துணிக் கம்பெனி வேலை, கல்யாணம், பிள்ளைகள், புருஷன் சாவு எல்லாம் ஆயிற்று. பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஞானரத்தினத்துக்குத் தென்காசி ரோட்டில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. சில வருஷங்களாக டீகோடரும் செய்து வெளியூர்க்காரர்களுக்கு அனுப்புகிறான். அந்தக் காலத்தில் நாலு ஸ்பீக்கருக்கென்று ஒரு வகை ரெக்கார்டு போட்டார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் கேட்கிறவன். தட்டின் பள்ளத்தில் இரண்டு சத்தத்துக்குத்தான் இடம் என்பதால் நாலையும் மடித்து இரண்டுக்குள் திணித்திருப்பார்கள். அதை மறுபடி நாலாகப் பிரிக்கிற பெட்டிதான் டீகோடர். பழைய பெட்டிகள் அரைகுறையாகப் பிரிக்கும், முன்னால் பாடுவது பின்னாலும் கசியும். இவன் கசியாத பெட்டி செய்யப் பார்த்துக்கொண்டிருந்தான். சோதித்துப் பார்க்கச் சொல்லி சென்னையிலிருந்து ஒருவர் அனுப்பிய தட்டுகளுக்கு நடுவே கோயில் தட்டு இருந்தது. உறையின் மூலையில் நாலு ஸ்பீக்கர் படம்.

அதைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நேர் பின்னால் நிறுத்துகிற சத்தம் பள்ளத்தின் ஒரு சுவரில் ஏறினால் மறு சுவரில் இறங்கும். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் எங்கிருந்தோ புகை மாதிரி, யார் குரல் என்று பிடிபடாமல் கேட்கும். ரேடியோவைப் போல ஒற்றை ஸ்பீக்கருக்குள் இரண்டையும் கொட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும், மிச்சம் இருக்காது. அக்காவை நேர் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். குழுவை முன்னால் நிறுத்தி அவளை மட்டும் அங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னது யாராக இருக்கும் என்று அவனுக்கு ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

எந்தப் பக்கம் சத்தம் ஓங்குகிறது என்று நொடிக்கு நொடி பார்த்து, மற்றப் பக்கத்துக் கசிவை அமுக்குகிற சர்க்யூட் ஒன்று வேண்டும். மூன்று வருஷம் ஆனது. எத்தனையோ போர்டு பொசுங்கியது. கடைசியில் ஒரு மத்தியானம், முன்னால் ஆர்மோனியம் மட்டும் இருக்க, முதுகுக்குப் பின்னாலிருந்து அக்கா பாடினாள். சால்டரிங் அயர்னைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அழுதான். அழுகை ஓய்ந்ததும் முதலில் மனதில் வந்தது அக்கா முகம் இல்லை, சூசை மாஸ்டர் முகம்.

அன்றே அவளைக் கூப்பிட்டுக் கேட்க வைத்திருக்கலாம். செய்யவில்லை. அவள் ஒருத்தி கேட்டு என்ன ஆகிவிடும்? ஊர் கேட்க வேண்டும், அந்த ஆள் முகத்தில் ஊருக்கு முன்னால் கரி விழ வேண்டும். விழா வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மட்டும் பொறுக்கமாட்டாமல், அன்றைக்கு ஸ்டூடியோவில் நிஜமாகவே பாடினாயா என்று அவளிடமே கேட்டுவிட்டான். செலினா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பாடுனேன்னுதாம்லே ரொம்ப நாளு நெனச்சுக்கிட்டிருந்தேன். அம்புட்டுப் பேரும் இல்லைன்னு சொல்லுதாவ. பொறவு எனக்கே சந்தேகமாப் போச்சு.”

குரலைத் திருடியதைக்கூட அவன் மன்னித்திருப்பான். இதை மன்னிக்க முடியாது என்று அப்போது முடிவு செய்தான்.

விழா அன்று பந்தல்காரர் பின்சுவரில் கட்டிய துணிக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்களை வெயில் இறங்கும் முன்பே ஏற்றிவிட்டான். அவற்றுக்கு நடுவே அவன் மேசை. மேசையை ஒட்டி, வழக்கம்போலக் கடைசி வரிசையில் செலினா. மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாட்டுக் கேட்பதற்கென்று மேடையில் இருந்தவர்களையெல்லாம் இறக்கி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அதுவும் ஞானரத்தினத்தின் ஏற்பாடுதான். டீகோடரில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தான். தட்டினால் ரேடியோவில் போலக் குரல் மறையும், விட்டால் வரும். மூன்று தடவை தட்டிக் காட்டிவிட்டு மைக்கை எடுக்க வேண்டும். இந்த வித்தையைச் செய்த மகராசன் பொன்னாடையோடு முன்வரிசையில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். மனப்பாடமாக வைத்திருந்தான்.

முள் இறங்கியது. குழு முன்னாலிருந்து பாடியது. மாஸ்டர் விரலால் தொடையில் தாளம் போட்டார். ஆர்மோனியம் இழுத்து நிறுத்திய இடத்தில், பின்னாலிருந்து குரல் எழுந்தது.

ஹாலே திரும்பியது. நாற்காலிகள் தரையில் உரசின. அன்று கண்ணாடி அறைக்கு வெளியே நின்று பார்த்த கிழவிகள் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். எல்லோரும் பார்த்த இடத்தில் செலினா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலாக இருபது வயதுக் குரல் போய்க்கொண்டிருந்தது.

முன்வரிசையில் ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. வைத்தவனுக்கு இடம் தெரியும், அவன் ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறான்.

ஞானரத்தினம் சுவிட்சைத் தட்டினான். குரல் அறுந்தது. அத்தனை கண்ணும் செலினா மேல் இருக்க, ஆர்மோனியம் மட்டும் தன்பாட்டுக்குப் போனது. அவள் முகம் அந்தக் கிறிஸ்துமஸ் அன்று இருந்த மாதிரியே ஆனதை அவன் பார்த்தான். விட்டான், குரல் திரும்பி வந்தது. மறுபடி விரல் போனபோது செலினா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கைய எடுலே. நான் கேட்டுக்கிடுதேன்.”

பிடி இரும்பாக இருந்தது. மைக் மேசையிலேயே கிடந்தது. பாட்டு அடுத்த அடிக்கு ஏறியது. அங்கே, அத்தனை முகங்களுக்கும் பின்னால், மாஸ்டரின் ஒரு தோளிலிருந்து பொன்னாடை நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துவிட அவர் கை எழவில்லை.