பெயரும் பிறந்த தேதியும்

என் அண்ணி அராசெலி என்னைவிட இரண்டு வயது சின்னவள். முறைக்குத்தான் அண்ணி, வாயில் வாடி போடிதான். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே சோபாவில் கால் நீட்டி டிவி பார்க்கிறோம். ஆனால் கிளினிக்கில் கையில் ஊசியோடு நிற்கும்போது அவளுக்கு என்னை யாரென்றே தெரியாது.

தைராய்டு சோதனைக்காக ரத்தம் கொடுக்கப் போனேன். "பேரு?" என்றாள்.

"ஏன், நேத்து ராத்திரி என் தட்டுலேருந்து டார்ட்டியாவைப் பிடுங்கித் தின்னியே, அப்ப தெரியலையா?"

"எனக்குத் தெரியும். ஊசிக்குத் தெரியாது. பேரு?"

"நெல்டா கன்டூ."

"பொறந்த தேதி?"

திரைக்கு அந்தப் பக்கம் ரொகேலியோ உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் நாங்கள் பழக ஆரம்பித்திருந்தோம். எனக்கு முப்பத்திரண்டு வயது என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். தேதியைக் கிசுகிசுத்தேன்.

"கேக்கல. சத்தமா."

"வருஷம் எண்பத்தாறு! போதுமா?" என்று கத்தினேன். திரும்பும்போது அந்தப் பாவி என் கையைத் தாங்கலாகப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டான், "பாத்தும்மா, படி இருக்கு" என்று.

வீட்டுக்கு வந்து அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன். அவள் அசையவில்லை. "இந்த ஊர்ல தெருவுல நின்னு கன்டூன்னு கூப்பிட்டா பாதிப் பேர் திரும்பிப் பாப்பாங்க. ஒருத்தி ரத்தம் இன்னொருத்தி பேர்ல போயிட்டா? இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை தின்னுட்டு மயங்கி விழணுமா?" என்றாள். எங்கள் ஊர் வெஸ்லகோவில் அதை யாரும் மறுக்க முடியாது.

அவள் மெடிக்கல் அசிஸ்டன்ட். உள்ளூர்க் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு அந்த கிளினிக்கில் சேர்ந்தவள். சர்க்கரை நோயாளிகள் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் இவளைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எதைத் தின்னலாம், எதை விடணும் என்று கேட்பார்கள். "அதை நான் சொல்லக் கூடாதும்மா, டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே கிளினிக்கில் ஒரு வேலை உண்டு. அதற்கு நாலு வருடப் பட்டம் வேண்டும்.

ஆகவே பல்கலைக்கழகத்தில் ஹெல்த் சயின்ஸ் பட்டத்துக்கு மனு போட்டாள். அவள் ஏற்கெனவே படித்த பாடங்களை அவர்கள் ஏற்றுக்கொண்டால் நேரே மூன்றாம் வருடத்தில் சேரலாம். ஏற்காவிட்டால் முதலிலிருந்து.

"ரெண்டு வருஷம்னா பல்லைக் கடிச்சுக்குவேன். நாலு வருஷம்னா என்னால ஆகாது," என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வேலை இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், என் அண்ணன் எலிசியோ இருக்கிறான். அவன் மூன்றாவது பிள்ளை.

ஒரு வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ம்... ம்... சரிங்க, நன்றிங்க" என்றாள். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"நாலே நாலு பாடம்தான் எடுத்துக்குவாங்களாம்."

"மத்ததெல்லாம்?"

"மறுபடியும் படிக்கணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கொல்லையில் கரி மூட்டி இறைச்சி வாட்டினான். அவள் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை. வேண்டாமென்று திங்கட்கிழமை எழுதிப் போட்டுவிடப் போவதாகச் சொன்னாள். அண்ணனோ, "விடு, ரொம்பப் படிச்சா தலை வலிக்கும்" என்றான். அவன் ஆறுதல் சொல்லும் அழகு அது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவன்மேல் பாதி, அவள்மேல் பாதி.

"எந்த நாலு பாடம்டி?"

"நாலுன்னு சொன்னதுக்கு அப்புறம் என் காதுல ஒண்ணும் விழல."

"கேக்கவே இல்லியா? என்னை மட்டும் ஊரறியக் கத்த வெச்ச? அந்தப் பொம்பளை உன் பேரைக் கேட்டாளா?"

"அராசெலி கன்டூவான்னு கேட்டா. ஆமான்னேன்."

"பொறந்த தேதி?"

குத்திக் காட்டத்தான் கேட்டேன், சத்தியமாக வேறெதுவும் மனதில் இல்லை. ஆனால் அவள் முகம் மாறியது.

"கேக்கல," என்றாள். "நெல்டா, அவ கேக்கவே இல்ல. நானும் சொல்லல."

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் போன் போட்டோம். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். அண்ணி எடுத்த எடுப்பில் பெயரையும் பிறந்த தேதியையும் ஊசி குத்துகிற குரலில் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம். பிறகு, "ஐயோ" என்றது குரல். "மன்னிச்சுக்கங்கம்மா. அதே பேர்ல இன்னொருத்தங்க மனு போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை சொன்னது அவங்களுக்குச் சொல்ல வேண்டியது. உங்களுக்கு ஒரு பாடம் தவிர எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாங்க. மூணாம் வருஷத்துல சேரலாம்."

அண்ணி அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன், எனக்கென்ன வெட்கம். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு போனது போல இருந்தது. முதல் நாள் மிஞ்சிய இறைச்சியைக் குளிரக் குளிர இருவரும் கையால் எடுத்துத் தின்றோம்.

தின்றுகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "அப்போ அந்த இன்னொருத்திக்கு இன்னிக்கு போன் போகும்ல?"

"உனக்கெதுக்குடி அது? தின்னு."

ஆகஸ்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வரவேற்பு நாள். குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். அண்ணன் கடை வைத்திருக்கிறான், அதை விட்டு வர முடியாததால் நான் போனேன். வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். "அராசெலி கன்டூ" என்று கூப்பிட்டாள்.

இரண்டு பேர் முன்னே போனார்கள்.

மற்றவள் உயரமாக, இடுப்பில் ஒரு குழந்தையோடு இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"நீதானா அது?" என்றாள் உயரக்காரி. "முதல்ல எனக்குத்தான்டி ஒண்ணு தவிர எல்லாப் பாடமும் கிடைச்சிடுச்சுன்னு சொன்னாங்க. உன் சேதிக்கு நான் கேக் வெட்டினேன். சொந்தக்காரங்க பூரா வந்து தின்னுட்டுப் போனாங்க."

"உன் சேதிக்கு நான் அழுதேன்," என்றாள் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. "இப்ப உனக்கு எத்தனை வருஷம்?"

"கிட்டத்தட்ட நாலு. கேட்டதும் ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் கேக் வெட்டியாச்சே, போய்த்தானே ஆகணும்னு வந்துட்டேன்."

எனக்குத் தெரியும், அதே சேதியைக் கேட்டு இவள் வேண்டாமென்று எழுதிப் போட இருந்தவள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நானா இருந்தா வந்திருக்க மாட்டேன்டி," என்றாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. இந்தத் தடவை கேக் என் செலவு."

மேஜைப் பெண் அட்டையைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது உங்கள்ல யாரோடது?"

இருவரும் ஒரே நேரத்தில் பிறந்த தேதியைச் சொன்னார்கள், சத்தமாக.