மூன்றாம் ஓலைக்குள்

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை பெர்சிஸுக்குப் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஓலையால் அல்ல, அதற்கு அடுத்தபடியாக ஐயர் வாசித்ததால்.

பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆராதனையில் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒரு பார்வை பார்ப்பார். அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது சொல்லிக்கொள்வார்கள்.

தேவசிகாமணி, சாரம்மாள் தம்பதியின் மகன் கிங்ஸ்டனுக்கும் பெர்சிஸுக்கும் ஓலை வாசித்து முடிந்தது. பிறகு ஸ்தோத்திர காணிக்கைகள். பேரன் பாஸானது, மஞ்சள் காமாலை குணமானது, வீட்டுக்குக் கூரை போட்டது என்று உறையில் பணத்தோடு காரணத்தையும் எழுதிப் போட்டால் ஐயர் அதை மைக்கில் வாசித்து ஜெபிப்பார்.

"மகள் பெர்சிஸுக்குச் சென்னைக் கம்பெனி ஊரிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கொடுத்தபடியால், தாயாரின் ஸ்தோத்திர காணிக்கை."

பக்கத்தில் அம்மா கண்ணை மூடி உருக்கமாக ஆமென் சொன்னாள். இரண்டு பெஞ்சுக்கு முன்னால் சாரம்மாள் திரும்பி, வருங்கால மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். பெர்சிஸும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்ய முடியும்? முந்தின வெள்ளிக்கிழமையோடு அந்தக் கம்பெனிக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வேலையை விட்டுவிட்டாள். அம்மாவின் வாயை அடைக்கச் சொன்ன சின்னப் பொய் அது. அம்மா அதை உறையில் போட்டுக் கர்த்தருடைய சமூகத்துக்கே அனுப்பிவிட்டாள். இனி எங்கே போய் அதைத் திருப்பிக் கேட்பது?

சென்னையில் அவள் பார்த்தது பெரிய மென்பொருள் கம்பெனியில் மேனேஜர் வேலை. வெளிநாட்டு வங்கிகளுக்காக வருஷக்கணக்கில் எதையெதையோ செய்துகொடுத்தாள். அதை ஒரு மனுஷன் பயன்படுத்தி அவள் கண்ணால் கண்டதில்லை. அப்படி இருக்கையில் லீவுக்கு வந்தவளைக் கல்லூரித் தோழி ஷமீம் மேலப்பாளையத்தில் தன் வாப்பாவின் பலசரக்குக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைகளில் போன் வழியாகப் பணம் போட்டால் பெட்டி ஒன்று சத்தமாக அறிவிக்குமே, அதே மாதிரிதான் ஷமீமும் ஒன்று செய்து வைத்திருந்தாள். மற்றதெல்லாம் தொகையை மட்டும் சொல்லும். இது பேரையும் சொல்லும், பணம் போட்டவர் கூடவே தட்டி அனுப்பிய வார்த்தைகளையும் வாசிக்கும். அன்று சாயங்காலக் கூட்டத்தில் அந்தப் பெட்டி சொன்னது: "ஷரீபா பீவி, நாற்பது ரூபாய். மைதீன் அண்ணாச்சி, நேத்து தந்த புளியில ஒரே கொட்டை."

கடையே சிரித்தது. ஷமீமின் வாப்பா முகம்மது மைதீன் அண்ணாச்சிக்குத்தான் முகம் போன போக்கு சரியில்லை. தன் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றுக்காகப் பெர்சிஸ் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. ஷமீம் கம்பெனி தொடங்கி 'சொல்பெட்டி' என்று பேரும் வைத்துவிட்டாள். பாதிச் சம்பளம், கொஞ்சம் பங்கு, வருகிறாயா என்றாள். சென்னைக்குத் திரும்பிய பெர்சிஸ் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் கிங்ஸ்டன் சம்பந்தம் வந்தது. கல்லூரியில் வாத்தியார், இன்னும் நிரந்தரமாகவில்லை, நல்ல பிள்ளை. அப்பா தேவசிகாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவர். சபை முழுக்க முழங்காலில் நிற்கும்போது அவர் மட்டும் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தப்புச் செய்த பையன் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். பேச்சுவார்த்தையின்போது சாரம்மாள் நகை பற்றிக் கேட்கவில்லை, நிலம் பற்றிக் கேட்கவில்லை. காபியை வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒங்க கம்பெனில மாமனார் மாமியாருக்கும் ஆஸ்பத்திரிக் கார்டு உண்டுமாம்லா?"

"உண்டு அத்தை," என்றாள் பெர்சிஸ்.

அன்றைக்கு அது உண்மைதான், கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் அவர்களையும் சேர்க்கலாம். மாத்திரை அட்டையில் இருப்பதுபோல அந்த உண்மைக்கும் காலாவதித் தேதி ஒன்று இருந்ததைத்தான் அவள் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று விட்டாள். நிச்சயம் ஆகட்டும் என்றாள், பிறகு பத்திரிகை அடிக்கட்டும் என்றாள். அதற்குள் ஓலை வந்துவிட்டது.

சொல்பெட்டியின் ஆபீஸ் மேலப்பாளையத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. குரல் கொடுக்க ஆள் வைக்கக் காசில்லாததால் பெர்சிஸே பேசினாள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்து வாக்கியம் வாக்கியமாக வாசித்தாள். கம்ப்யூட்டர் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, யார் எதைத் தட்டினாலும் அவள் குரலிலேயே சொல்லத் தொடங்கியது.

"ஏட்டி, ஒரு நல்ல சேதி," என்றாள் ஷமீம் அந்த வாரம். "ஐயர்ட்ட பேசிட்டேன். அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு நம்ம பெட்டிதான். பெரிய கூட்டம் வரும்லா?"

"எந்த ஐயர்?"

"ஒங்க சபை ஐயர்தாம்ட்டி."

விளைச்சலைக் கோயிலில் படைத்து ஏலம் விடும் அறுப்புப் பண்டிகை, மூன்றாம் ஓலைக்கு உரிய ஞாயிறு. ஷமீம் அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் சொல்லலியா? அதுக்கு முன்ன மாப்ள வீட்ல சொல்லிருட்டி. பொறவு வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

"சொல்லுதேன், சொல்லுதேன்."

ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் கிங்ஸ்டனின் அத்தைக்குப் பத்திரிகை வைக்க இருவரும் பைக்கில் போனார்கள். சொல்ல இதைவிடத் தோதான நாள் ஏது? போகும்போது காற்று பெரிதாக அடித்தது, சொன்னாலும் காதில் விழாது என்று விட்டாள். அத்தை வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினான் கிங்ஸ்டன். கீழே தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று கிளாஸைக் கீழே வைத்தாள்.

"உங்கட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன் சந்தோஷமாக. "அப்பா ஆஸ்பத்திரில போய் ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வச்சிட்டாவ. அம்மாட்ட கூடச் சொல்லல. நேத்து தனியா ரூம்ல கதவச் சாத்திட்டு, கட்டில் மேல தலகாணியப் போட்டு முழங்கால் போட்டுப் பாக்காவ பெர்சி. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. சரி, நீ என்ன சொல்ல வந்த?"

"டீல சீனி கூடிப்போச்சு," என்றாள் பெர்சிஸ்.

அவ்வளவுதான் அவளுடைய தைரியம். அன்று வீடு வந்து சேர்ந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பாதிச் சம்பளத்துக்காக அழவில்லை, அந்த வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்த மனுஷனின் தலையணையை நினைத்துத்தான் அழுதாள். தெரிந்தால் சாரம்மாள் ஓலையை நிறுத்துவாள். கிங்ஸ்டன் நிறுத்தச் சொல்ல மாட்டான், ஆனால் அதற்குப் பிறகு அவன் தன்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபோது, அவர் தன்னையே பார்ப்பதாகப் பெர்சிஸுக்குப் பட்டது. அவர் பார்த்தது பின்னால் அழுத குழந்தையை.

மூன்றாம் ஞாயிறு கோயில் வாசலில் கரும்பும் வாழையும் கட்டியிருந்தார்கள். மூன்றாம் ஓலையை வாசித்து, காணிக்கை எடுத்து, ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் தொடங்கியது. விசுவாசிகள் கொண்டுவந்து படைத்த பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, சேவல், கேக், மணிமுத்தாற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் விளைந்த வாழைத்தார் எல்லாம் வரிசையாக இருந்தன. மேஜையின் நடுவில் சொல்பெட்டி. தோழிக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பெர்சிஸ் அதன் பக்கத்தில் நின்றாள். பெட்டியை ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார் ஐயர். அது நல்ல யோசனை என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

முதல் பூசணிக்கே பெட்டி கலகலப்பைக் கொண்டுவந்துவிட்டது. பணம் போட்டவர்கள் காரணத்தையும் தட்டினார்கள். அது சத்தமாக வாசித்தது, கூட்டம் கைதட்டியது. கிங்ஸ்டன் மேஜைப் பக்கம் வந்து நின்று காதைக் கூர்மையாக்கினான்.

"இந்தப் பெட்டி பேசுதது ஒன் குரல் மாதிரில்லா இருக்கு?"

பெர்சிஸ் பதில் சொல்வதற்குள் வாழைத்தார் ஏலத்துக்கு வந்தது. ஆள் உயரத் தார். போட்டி போட்டுக் கேட்டவர் தேவசிகாமணி. மூன்றாம் தரம் சொல்லி அவருக்கே முடிந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனைத் தூரத்தில் பிடித்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது.

ஒலிபெருக்கியில் பெர்சிஸின் குரல் வளாகம் முழுக்கக் கேட்டது.

"தேவசிகாமணி, தொள்ளாயிரம் ரூபாய். மருமகள் கம்பெனிக் கார்டில் எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, மறுபடி முழங்கால்படியிடப் போவதற்காக ஸ்தோத்திரம்."

ஜனங்கள் ஆமென் என்றார்கள். யாரோ ஒரு பாட்டைக்கூட எடுத்துக் கொடுத்தார்கள். அன்று அம்மாவின் காணிக்கையாக ஐயர் வாசித்த பொய்யைப் பெர்சிஸ் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தாள். இதைச் சொன்னது அவளுடைய சொந்தக் குரல். இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று தோன்றியது. வாயால் சொன்னால் அந்தப் பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழாது. போனை எடுத்தாள். இரண்டு முறை அழித்து எழுதினாள். அனுப்பினாள்.

திரையில் வட்டம் சுற்றியது. கூட்டத்தில் எல்லாரும் போனை நோண்டிக்கொண்டிருக்க, சிக்னல் திணறியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போகாமலே இருந்துவிட்டால் தேவலை என்று ஒரு மனசு, போய்த் தொலைய வேண்டுமே என்று ஒரு மனசு. ஏலக்காரர் சேவலைத் தூக்கிவிட்டார்.

"பெர்சிஸ், பத்து ரூபாய்," என்றது பெட்டி. "நான் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். கார்டு கிடையாது. இந்தப் பெட்டிக் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். மறைத்தது நான், அம்மாவுக்கும் தெரியாது. மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள்."

சேவல் மட்டும் சத்தம் போட்டது.

அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். சாரம்மாள் எழுந்து, யாரையும் பார்க்காமல் நேரே மேஜைக்கு வந்தாள்.

"கார்டு இல்லியா?"

"இல்ல அத்தை."

"சம்பளம்?"

"பாதிதான்."

"கல்யாணத்துக்கு முன்ன சொல்ல வேண்டியது இன்னும் ஏதாவது இருந்தா இப்பமே சொல்லிரு. அடுத்த ஏலம் தொடங்கப் போவுது."

"வேற ஒண்ணுமில்ல அத்தை."

சாரம்மாள் முகத்தில் எதுவும் இளகவில்லை. விறுவிறுவென்று வாசல் பக்கம் நடந்தாள். கிங்ஸ்டன் அந்த இடத்திலேயே நின்றான்.

"ஊருக்கே சொல்லிட்ட," என்றான் மெதுவாக. "பாலத்துக்கிட்ட வச்சு எனக்குச் சொல்லிருக்கலாம்லா?"

"பயமா இருந்துச்சு."

"என்னைப் பாத்தா?"

சாரம்மாள் விறுவிறுவென்று போனதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முடிந்தது என்று நினைத்தாள் பெர்சிஸ். பெட்டியின் வயரைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

பெட்டி பேசியது.

"தேவசிகாமணி, ஒரு ரூபாய். திருத்தம். முந்தின ஸ்தோத்திரத்தில், மருமகள் கம்பெனிக் கார்டில் ஆபரேஷன் ஆவதற்காக என்று தவறாக எழுதிவிட்டேன். மருமகளுக்காக என்று வாசிக்கவும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திய மனுஷர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். முட்டிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார், முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். பெர்சிஸ் அத்தனை பேர் முன்னிலையிலும் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த முட்டிகளுக்கு வழி என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது.

வாசலில் நின்றுவிட்ட சாரம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"கிங்ஸ்டன், தாரை எடுலே. வெயில்ல கெடந்தா கருத்துரும்."

கிங்ஸ்டன் தாரின் காம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். ஒரு ஆளுக்கு அது அசையவில்லை. பெர்சிஸின் பக்கம் பார்க்காமலே சொன்னான்:

"அங்கன பிடி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மறுமுனையைப் பிடித்தாள்.