எள்ளும் கருப்பட்டியும்

அந்தச் சூடு தங்கேஸ்வரிக்கு நெஞ்சிலிருந்துதான் கிளம்பும். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தெஹியோவிட்ட மலையில் மழை கொட்டினாலும் அது நிற்பதில்லை. மாதவிலக்கு நின்று எட்டு மாதமாகியிருந்தது. மகள் தர்மிளாவைத் தவிர யாருக்கும், புருஷனுக்குக்கூட, அவள் சொல்லவில்லை.

தர்மிளா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அங்கே வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். சோயா, எள்ளு, குரக்கன் என்கிற கேழ்வரகு, முருங்கைக்கீரை சேர்க்க வேண்டும். உறைப்புச் சம்பலைக் குறைக்க வேண்டும்.

"எல்லாருக்கும் கேக்கும்னு இல்லையாம், அம்மா. செஞ்சு பாப்போம்."

"எள்ளு சூடுடி. சூட்டுக்கு மேல சூடா?"

"தின்னுட்டுச் சொல்லுங்க."

குரக்கன் ரொட்டியில் கீரையைப் பிசைந்து சுட்டாள். சோயாவைத் தேங்காய்ப்பால் விட்டு, மிளகாய் போடாமல் சமைத்தாள். எள்ளை வறுத்து, கித்துள் கருப்பட்டியோடு இடித்து உருண்டை பிடித்தாள். ஒரு மாதத்தில் சூடு குறைந்ததா, பழகிப்போனதா என்று தங்கேஸ்வரியால் சொல்ல முடியவில்லை. தூக்கம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

புதன்கிழமை மத்தியானம், கொழுந்து நிறுக்கும் இடத்தில், வரிசையில் முன்னால் நின்ற பரிமளா திரும்பினாள். தர்மிளாவுக்குப் புளத்கொகுபிட்டிய பக்கமிருந்து சம்பந்தம் கொண்டுவந்தவள் அவள்தான்.

"மதினி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"ஒங்க மக கிழமைக்கு ஒருக்கா ஹஸீப் நானா கடையில எள்ளும் கருப்பட்டியும் வாங்குறாளாமே? லயமே பேசுது. ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு வாக்குக் குடுத்தவ நானு."

தங்கேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் தள்ளிப்போன பெண்கள் கரு கலையட்டும் என்று எள்ளையும் கருப்பட்டியையும் இடித்துத் தின்பது லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி. கலியாணமாகாத பிள்ளையை அதை வாங்கக் கடைக்கு அனுப்பியவள் தானேதான்.

சனீஸ்வரனுக்கு எள் விளக்கு என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. கருப்பட்டி எந்தச் சாமிக்கு என்று பரிமளா கேட்பாள். வரிசை முழுதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. நெஞ்சிலிருந்து சூடு கிளம்பியது.

"எள்ளு எனக்குத்தான்."

"ஒங்களுக்கா?"

"எனக்கு நின்னு எட்டு மாசமாச்சு. ஒடம்பு பத்தி எரியுது. மிஸ் சொல்லி எம்மக செஞ்சு குடுக்குறா. இன்னும் யாருக்கு என்னா தெரியணும்?"

அவள் போட்ட சத்தத்தில் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரமாகத் தராசுப் பக்கம் குனிந்துகொண்டார்.

"அதான் போன கிழம கொட்டுற மழையில தலையில போட்ட கொங்காணியக் கழட்டி விசிறுனீங்களா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பரிமளா மட்டும் சிரிக்கவில்லை. கிட்ட வந்தாள்.

"மதினி, அதத் தின்னா தூக்கம் வருதா? எனக்கு ரெண்டு மாசமா கண்ண மூட முடியல."

தங்கேஸ்வரி ரொட்டிப் பெட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கொடுத்தாள். பரிமளா பாதியைக் கடித்தாள்.

"இந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்கும் போயிருக்கும். நான் போன் பண்ணி வெவரத்தச் சொல்லிர்றேன்."

"வேணாம். வரட்டும். மாப்பிள்ளையோட அம்மாகிட்ட நானே சொல்றேன். அவங்களுக்கும் நம்ம வயசுதானே?"

"ஐயோ, ஆம்பளைங்க இருப்பாங்களே!"

"அவங்க முன்னுக்கு ஒக்காந்து கடைப் பலகாரம் திங்கட்டும். நாங்க அடுப்படியில பேசிக்கிறோம்."