இரட்டை வேகத்தில் கேட்ட பாடம்

பத்து மாதம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் திறந்து அன்று மூன்றாம் நாள். வீட்டிலிருந்தே இரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார் டீச்சர். வாசித்தால் மூன்றாவது, திணறினால் மறுபடி இரண்டாவது.

எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடும் சிறுமியின் அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, மகள் வாசிப்பதைக் காது குளிரக் கேட்கத்தான் வந்திருந்தாள். வீட்டுக்கு இருந்தது ஒரே போன், அதுவும் பகலெல்லாம் அவளோடு கடையில். டீச்சர் தினமும் பேசி அனுப்பிய ஐந்து பாடங்களையும் சாயங்காலம் வந்துதான் போட்டுவிடுவாள். சார்ஜ் தீருவதற்குள் ஐந்தும் முடிய வேண்டுமே, இரட்டை வேகத்தில் ஓடவிடுவாள். சுண்டெலி ஒரு வார்த்தையைக்கூட மறந்ததில்லை.

"எங்கே, யானைப் பாடம் வாசி பாக்கலாம்" என்றார் டீச்சர்.

புத்தகத்தைப் பிரித்ததுதான் தாமதம், பிடித்தாள் சுண்டெலி ஓட்டம். காட்டில் யானை நடந்தது, ஆற்றில் இறங்கியது, மூச்சுவிட நேரமில்லை. அம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்றவளிடம், "என் பொண்ணுதான்" என்றாள்.

டீச்சர் மெல்லத் தன் உள்ளங்கையால் பக்கத்தை மறைத்தார்.

யானை நிற்கவில்லை. "தும்பிக்கையால் தண்ணீர் தெளித்தது. ஏங்க, அந்தக் கதவச் சாத்துங்க, பாடம் எடுத்துட்டிருக்கேன்ல..."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார், அவர் பாடத்தைப் பதிவு செய்தபோது கதவைச் சாத்தாதவர் அவர் வீட்டுக்காரர். அம்மா மட்டும் சிரிக்காமல் டீச்சர் பக்கம் வந்தாள்.

"அவ மேல தப்பில்ல டீச்சர். நான்தான் புத்தகத்தக் காட்டாம காதுல மட்டும் ஊத்திட்டேன். திரும்ப ரெண்டாவதுல போட்டுடாதீங்க. கூட்டாளிங்க எல்லாம் மூணாவது போறாங்க, அழுதே கரைஞ்சிடுவா."

"நான் ஒண்ணும் அழமாட்டேன்" என்றாள் சுண்டெலி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

"காது படிச்சிடுச்சும்மா. கண்ணுதான் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வரல" என்றார் டீச்சர். "மூணாவதுலயே உக்காரட்டும். ஆனா தினம் ஒரு மணி நேரம் முன்னாடி அனுப்பணும். இவ மட்டும் இல்ல, பாதி வகுப்பு வருது."

பக்கத்திலிருந்து கையை எடுத்து, சுண்டெலியின் விரலைப் பிடித்து முதல் சொல்லின் கீழே வைத்தார்.

"கா..." என்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். "ட்... டில். காட்டில்." கண்கள் விரிந்தன. "இதுதானா அது?"

கடையில் துணி மலையாகக் குவிந்திருக்கும். அம்மா பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவசரமில்லடி. அடுத்தது என்னன்னு பாத்துச் சொல்லு."